பேர் சொல்லிப் படைத்த கிழங்கு

சின்ன வயதில் இந்தச் சுவிஸ் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட எங்கள் வயதுக்காரருக்கு அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தமிழ்க்கடை கிடையாது. கோயில் கிடையாது. பேர்ணில் யாரோ ஒரு வீட்டு நிலவறையில் பிள்ளையார் படம் வைத்துப் பூசை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், மூன்று ரயில் மாறிப் போகவேண்டும். அதனால் எங்களில் கனபேர் பக்கத்துத் தேவாலயத்தின் பின்வரிசையில் இருந்து வளர்ந்திருக்கிறோம். திருநீற்றை வாசலில் அழித்துவிட்டு உள்ளே போவோம். வெளியே வந்ததும் மறுபடி பூசிவிட அம்மாவின் கைப்பையில் ஒரு சின்ன டப்பி இருக்கும்.

அந்த ஞாயிறுகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். செப்டெம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. நாட்காட்டியில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது: நன்றிக்கும் மனம்வருந்தலுக்கும் மன்றாட்டுக்குமான கூட்டாட்சி நாள். சனங்கள் சுருக்கமாக 'பெட்டாக்' என்பார்கள். நாங்கள் இருந்த கிராமத்தில் அறுவடைக்கு நன்றி சொல்லும் வழிபாட்டையும் அன்றைக்கே சேர்த்து வைத்துவிடுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பிளம்ஸ் பணியாரம் சாப்பிடும் ஒரு ஞாயிறாக இருக்கலாம். எனக்கு ஓகஸ்ட் முடியும்போதே நித்திரை குழம்பத் தொடங்கிவிடும். நாற்பதைத் தாண்டியும் அது மாறவில்லை.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. ஊஸ்டர் பட்டணத்தில் இருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு கிராமம். அங்கே மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். எங்கள் மூவருக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அகதி முகாமில் ஆறு மாதம் இருந்துவிட்டு அவர் எங்களோடு வந்து சேர்ந்தார். வந்த கையோடு 'நெகட்டிவ்' வந்தது. நிராகரிப்புக் கடிதத்துக்கு எங்கள் வீடுகளில் வேறு பெயர் இருந்ததில்லை. மேன்முறையீடு செய்திருந்தார்கள். அதன் முடிவு வரும்வரை மாமா இருக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது. மாமாவை இருக்க விடுவார்களா, அனுப்புவார்களா என்ற ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீடு நடந்தது.

மாமா கிளிநொச்சிப் பக்கத்து வயல்காரர். உயரமான, பெரிய கைகளை உடைய மனிதர். அந்தக் கைகளுக்கு எங்கள் வீட்டில் இடம் போதவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கோப்பை காணாமல் போய்விடும். பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பார். "கை மரத்துப்போச்சு அக்கா" என்பார். பாத்திரம் கழுவப் போவார். அம்மா, ஆம்பிளை நீ ஏன் என்று கலைத்துவிடுவா. என் பள்ளிக்கூடப் பென்சில்களை எல்லாம் கத்தியால் சீவிச் சீவி அரைவாசி ஆக்கினவர் அவர்தான்.

அந்தத் தைப்பொங்கல் ஒரு வேலைநாளில் வந்தது. வெளியே ஒருவாரப் பனிப்புகார். சூரியன் வருமட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பங்குனியில்தான் பொங்கலாம் என்று அப்பா சொன்னார். மின்னடுப்பில்தான் பொங்கினோம். பால் பொங்கி அடுப்புத் தட்டில் வழிந்து கருகியது. அந்தக் கருகல் மணம் திரைச்சீலையில் மாசி மாதம்வரை இருந்தது. எனக்குப் பொங்கல் என்றால் இன்றைக்கும் அந்த மணம்தான்.

அம்மாவின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு வீடுகளிலும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பொங்கலைப் படைத்ததும், அந்த நெல்லுக்காக வயலில் இறங்கின ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். உழுதவர், நாற்று நட்டவர்கள், சூடு மிதித்து நெல் பிரித்தவர்கள் எல்லோரும் வருவார்கள். பேர் சொல்லாமல் படைப்பது களவெடுத்துப் படைப்பது மாதிரி என்பா அம்மா. இங்கே வயல் இல்லாதபடியால் அந்த அரிசி வீட்டுக்கு வர உழைத்தவர்களின் பெயர்களைச் சொன்னா: அப்பா, அப்பாவின் பெரிய சமையற்காரர், காலையில் அப்பா ஓடி வருவதைக் கண்டு பஸ்ஸை நிறுத்திவைக்கும் சாரதி. பிறகு கற்பூரத்தை ஏற்றப் போனா.

மாமா கை கூப்பியபடி நின்றார். தன் பெயர் வரும் என்று பார்த்திருந்தார் போல.

"அக்கா, படுத்துக்கிடக்கிறவன்ர பேருக்கு ஒரு மூலையில இடமில்லையோ?"

"வேலை செய்தவையின்ர பேரைத்தானே சொல்லுறது" என்றா அம்மா. "வாற வருசம் உன்ர பேரைத்தான் முதல் சொல்லுவன், போ."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. பொங்கலில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, குளிருக்குள் சட்டை இல்லாமல் பல்கனியில் போய் நின்றார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் ஒரு ஆளுக்கு என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கிராமத்து விளிம்பில் ஒரு பண்ணை இருந்தது. பாத்திரம் கொண்டுபோய் அங்கேதான் பால் வாங்குவோம். அதனால் அந்த வயோதிபர் எங்களுக்குப் 'பால்காரர்'. மனைவி இல்லை. மகன் சூரிச்சில் வங்கியில் இருந்தான். வைக்கோல் பரணில் இருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு, அந்த வசந்தகாலத்தில் பால்காரர் இரண்டு தடிகளோடு மாட்டுக்கொட்டிலுக்குள் நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் பால் வாங்கப் போன மாமா அவருடைய கையில் இருந்த வாளியை வாங்கினார். அடுத்த நாளும் போனார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. மாடுகளுக்கு இரண்டு பேருடைய பாஷையும் விளங்கியது.

அப்பாவுக்குப் பயம். "தம்பி, ஆரும் கண்டு சொன்னால் உம்மட கேஸ் முடிஞ்சுது" என்று சொன்னாராம். "மாட்டைத் தவிர ஒருத்தரும் காணமாட்டினம் அத்தான்" என்றாராம் மாமா. இதெல்லாம் அம்மா எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னவை. அப்போது எனக்குச் சொன்னது, மாமா உலாத்தப் போகிறார் என்பது மட்டும்தான். தெரியாவிட்டால் வாயில் வராது என்பது அப்பாவின் கணக்கு. நானும் இப்போது ஒரு பிள்ளையை வளர்க்கிறேன். அந்தக் கணக்கில் எங்கே பிழை விட்டார் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மாமா மாறினார். விடிய ஐந்து மணிக்கு எழும்புவார். பின்னேரம் வரும்போது அவருடைய சப்பாத்தில் சாணமும் ஈரப் புல்லும் மணக்கும். அம்மா அதை வாசலிலேயே பத்திரிகைத் தாளில் வைக்கச் சொல்லுவா. சோறு இரண்டாம் தடவை கேட்டார். பாட்டுப் படித்துக்கொண்டே சவரம் செய்தார். சம்பளமாக என்ன கிடைத்ததோ தெரியாது; பாலும் கிழங்கும் வந்தன.

செப்டெம்பர் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வயல் பாதையால் வந்தபோது அவரைக் கண்டேன். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபட்டு வந்த கிழங்கு தோண்டும் பெட்டியின் மேல் நின்று, வரும் கிழங்குகளில் கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். இயந்திரத்தைப் பால்காரர் ஓட்டினார். மாமா என்னைக் கண்டார். ஒளிக்கவில்லை, கையை முழுவதாகத் தூக்கி ஆட்டினார். வெயிலில் தூசி எழும்பி அவரைச் சுற்றி நின்றது. அந்த அளவு பெரிதாக, அந்த அளவு சரியான இடத்தில் அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வீட்டில் போய்ச் சொல்லவில்லை. உலாத்துவது என்பது பெரியவர்கள் வேலைக்குச் சொல்லும் இன்னொரு சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடக்கும். வகுப்பை எடுத்த ரீச்சர் பின்னல் சட்டை போட்ட ஒரு அம்மா. அந்த மாதம் பெட்டாக் எப்படி வந்தது என்று எங்களுக்குச் சொன்னா. முந்திய காலத்தில் கொள்ளைநோய் வந்தால், போர் வந்தால், விளைச்சல் பொய்த்தால், அந்தந்த மாநிலத்து அரசு ஒரு நாளைக் குறித்து, சனங்களை உபவாசம் இருந்து மன்றாடும்படி கட்டளையிடும். ஆபத்து நீங்கினால் நன்றி சொல்லவும் கட்டளையிடும். கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் ஆகாது. ஆளையாள் வெட்டிக்கொண்ட காலமும் இருந்தது. கடைசியில் இரண்டு பகுதியும் ஒரே ஞாயிறில் நன்றி சொல்வது என்று மாநிலங்கள் ஒத்துக்கொண்டன. அன்றைக்கு ஆட்டம், கூத்து ஒன்றும் கூடாது. பகல் முழுக்கத் தேவாலயத்தில் இருந்ததால் சமைக்க நேரமில்லை. மாவைத் தட்டி, அந்தப் பருவத்தில் மலிந்து கிடக்கும் பிளம்ஸைப் பிளந்து அடுக்கிச் சுட்டுச் சாப்பிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் பிளம்ஸ் பணியாரம்.

அரசாங்கம் நன்றி சொல்லச் சொல்லிக் கட்டளை போடலாம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றி சொல்லாவிட்டால் பொலிஸ் பிடிக்குமா என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டு, அது மனதில் இருந்து வரவேண்டும் என்றா. அப்படியென்றால் எதற்குக் கட்டளை என்று யோசித்தேன்; கேட்கவில்லை. எங்களுக்கும் பொங்கல் இருக்கிறது, ஆனால் அதை யாரும் கட்டளையிடவில்லை என்று மட்டும் சொன்னேன். அது எப்படித் தொடங்கியது என்று கேட்டா. தெரியாது என்றேன். இன்றைக்கும் சரியாகத் தெரியாது. சூரியனுக்கு, மாட்டுக்கு, மண்ணுக்கு என்று நாங்கள் எல்லோரும் ஒப்புவிப்பதைத்தான் நானும் ஒப்புவிப்பேன். வயலில் கை வைத்தவர்கள் ஆளையாள் மறந்துபோகாமல் இருக்கத் தொடங்கியதாக இருக்கும் என்று அம்மா ஒருதரம் சொன்னா. அதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

அந்த வகுப்பில் இருந்துதான் தேவாலயத்துப் போதகருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனிதர். மாமாவை அனுப்பக்கூடாது என்று பேர்ணில் இருக்கும் அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, அதில் கிராமத்தார் கையெழுத்திடவேண்டும் என்று நின்றார். பெட்டாக் அன்றைக்குத் தேவாலயம் நிறையும். வழிபாட்டில் நான் எழும்பி இந்த நாட்டுக்கு நன்றி சொன்னால் சனங்களின் மனம் இளகும். பிறகு மண்டபத்தில் பணியாரம் சாப்பிடும் மேசையிலேயே விண்ணப்பத்தை வைக்கலாம். அப்பாவுக்கு அது பெரிதாகப் பிடித்துப்போனது. எங்கள் ஆட்கள் நன்றி தெரிந்தவர்கள் என்று கண்டால் இருக்க விடுவார்கள் என்று உறுதியாக நம்பினார். நன்றியைக் காட்டினால் அதற்குப் பதிலாக ஏதோ கிடைக்கும் என்ற அந்த நம்பிக்கை எங்கள் தகப்பன்மார் எல்லோரிடமும் இருந்தது, இல்லையா? கைகுலுக்கும்போது ஒரு கையால் குலுக்காமல் இரண்டு கையாலும் பிடிப்பார்களே.

எனக்கு நான்கு வசனம் எழுதித் தந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு நன்றி. சமாதானத்துக்கு நன்றி. குளிருக்குக் கிடைத்த உடுப்புகளுக்கு நன்றி. எங்களை வரவேற்ற கிராமத்துக்கு நன்றி. ஒரு கிழமையாக அதைப் பாடமாக்கினேன். அப்பா சமையலறையில் நின்று, விளங்காத ஜெர்மனைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிறு காலை தேவாலயத்துக்குள் போனதும் கல்லின் குளிரோடு செலரிக் கிழங்கின் மணம் வந்தது. பலிபீடத்தின் முன்னால் படிப்படியாக அடுக்கியிருந்தார்கள்: பூசணி, முட்டைக்கோவா, கோதுமைக் கதிர்க்கட்டு, தேன் போத்தல்கள், கடும் சிவப்பு டேலியாப் பூக்கள். நடுவில் ஒரு மரப்பெட்டி நிறைய உருளைக்கிழங்கு. மண்ணைத் தட்டியிருந்தார்கள், கழுவவில்லை. பெட்டியில் ஒரு அட்டை குத்தியிருந்தது. அதில் பால்காரரின் பெயர் இருந்தது.

மாமா மூன்றாம் வரிசையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தார். அப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தார்; கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. முதலில் அரசின் பெட்டாக் செய்தியைப் போதகர் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான்கு வசனத்தையும் பிழையில்லாமல் சொன்னேன். இறங்கி வந்திருக்கவேண்டும். ஆனால் அந்த அட்டை என் காலடியில் இருந்தது. அதில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது.

"எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் படைப்பதில்லை" என்று சொன்னேன். "இந்தக் கிழங்கை என் மாமாதான் தோண்டினார். செரி மரம் பூத்ததில் இருந்து ஒவ்வொரு நாளும் அவர் வேலைக்குப் போகிறார். கிழவருக்குக் கால் ஏலாது. மாமாவுக்கு நன்றி. அந்தா, அங்கே இருக்கிறார்."

அவருடைய முழுப் பெயரையும் சொன்னேன். தகப்பன் பெயரோடு.

முன்வரிசைக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு யாரோ அன்பாகச் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார், அந்தத் தேவாலயத்தில் கைதட்டும் வழக்கமே இல்லை, பிறகு எல்லோரும் தட்டினார்கள். மாமாவுக்குத் தன் பெயர் மட்டும்தான் விளங்கியது. எழும்பி நின்றார். நான்கு பக்கமும் திரும்பி, கை கூப்பி வணக்கம் சொன்னார். பால்காரர் முழங்காலில் வைத்திருந்த தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கியதோ, போதகரின் முகத்தில் விளங்கியதோ தெரியாது. அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மண்டபத்தில் பணியாரம் சூடாக இருந்தது. பிளம்ஸின் புளிப்பும் கறுவாவும். என் தலையைத் தடவாதவர்கள் இல்லை. விண்ணப்பத்தில் கனபேர் கையெழுத்திட்டார்கள். அப்பாவின் கணக்கின்படி பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. போதகர் மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. அம்மா ஒருதரம் "உன்னை ஆர் கேட்டது?" என்றா. அப்பா, "விடு. நாங்கள்தானே சொல்லிவைக்கேல்லை" என்றார். நான் என்ன சொன்னேன் என்று மாமா கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் அப்பாவின் கோட்டைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்துவிட்டு அதன் மேலே கையை வைத்தபடி நின்றார். "நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள்" என்றார்.

பலிபீடத்துச் சாமான்களை மறுநாள் முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். அதனால் அந்தக் கிழங்குப் பெட்டி திங்கட்கிழமை அப்பாவின் சமையலறைக்கே போய்ச் சேர்ந்தது. முழுவதையும் அவர்தான் தோல் சீவினாராம். வேறு யாரையும் சீவ விடவில்லையாம்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பொலிஸ் பண்ணைக்குப் போனது. பீட்ரூட் வயலில் இருந்து மாமாவைக் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு மாலையில் விட்டார்கள். பால்காரருக்குத் தண்டம். மூன்று கிழமையில் தடித்த கடிதம் வந்தது.

உங்களில் எத்தனை பேர் வீட்டுக் கடிதங்களை வாசித்தவர்கள்? வைத்தியசாலைக் கடிதம், வரிக் கடிதம், விசாக் கடிதம். ஒன்பது வயதில் எங்களுக்குத் தெரியாத சொல் இல்லை. அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். மேசையைச் சுற்றி மூவரும் இருந்தார்கள். மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது என்று சொன்னேன். போகவேண்டிய கடைசித் திகதியைச் சொன்னேன். அனுமதியில்லாமல் பல மாதம் வேலை செய்து விதிகளை மீறிய ஒருவருக்காக வந்த விண்ணப்பத்தைக் கவனத்தில் எடுக்க முடியாது என்பதையும் தட்டித்தடவிச் சொன்னேன். அதற்கு அடுத்து ஒரு வரி இருந்தது. அந்த வேலை விடயம், வழிபாடு ஒன்றின்போது குடும்பத்துப் பிள்ளை ஒன்று பகிரங்கமாகத் தெரிவித்ததில் இருந்து அறியவந்தது என்று.

அந்த வரியை நான் மொழிபெயர்க்கவில்லை.

"வேற என்ன கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

"வேற ஒண்டுமில்லை. கையெழுத்துத்தான்."

இதை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இன்றைக்கும் பால்காரரின் பக்கத்து வயல்காரன்தான் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்கிறா. அந்த மனிதரும் செத்துவிட்டார். எங்கள் விடயத்தில் அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. அம்மா அவரைத் திட்டும்போது நான் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

நவம்பரில் ஒரு விடியற்காலை வந்து மாமாவைக் கொண்டுபோனார்கள். விமானத்தில் ஏற்றும்வரை ஒரு தடுப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போனோம். மேசை, நான்கு கதிரை, சுவரில் பனிமலைப் படம். அம்மா அழுதுகொண்டே இருந்தா. உடுப்பு, மருந்து, கொழும்பில் போய் நிற்க ஒரு முகவரி என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது என்று காவலர் வந்தபோதுதான் மாமா என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, இந்த முறை என்ர பேர் விடுபடேல்லை, என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குத்திக் காட்டுகிறார் என்று சில வருடம் நினைத்தேன். பிறகு, என்னைத் தேற்றச் சொன்னார் என்று கன வருடம் நினைத்தேன். இப்போது, அவர் உண்மையாகவே சந்தோசப்பட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மூன்றிலும் இதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

கொழும்பில் சில மாதம் ஒரு லொட்ஜில் இருந்தார். பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பி வயல் செய்தார். எப்போதாவது கடிதம் வரும். மழை, நெல், பசுவின் கன்று. பால்காரரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லுவார். இடுப்பு உடைந்த கிழவர் அடுத்த வருடமே மாடுகளை விற்றுவிட்டார் என்று நாங்கள் எழுதவில்லை. போரின் கடைசி மாதங்களில் கடிதம் நின்றது. அதோடு சரி. செத்தார் என்று சொன்னவரும் இல்லை, கண்டேன் என்று சொன்னவரும் இல்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு, காணாமல்போனவர்களின் உறவினரோடு ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னால் போய் நிற்பா. கூட வாவன் பிள்ளை என்று கேட்பா. வேலை என்பேன். போனால் அந்தப் படத்தை நானும் ஒரு முனையில் பிடிக்கவேண்டி வரும்.

யாரில் குற்றம் என்று கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. போதகர் நல்லது நினைத்தார். அப்பா பயந்தார். விதி எழுதியவர்கள் விதியை எழுதினார்கள். ஒரு பிள்ளை தன் வீட்டு வழக்கப்படி நன்றி சொன்னது. நன்றி சொல்வதால் ஒருவருக்கும் கேடு வராது என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்திருந்தது. அந்தப் பிள்ளையை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுத வரவில்லை.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்த செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாளோடு வந்தாள். பெட்டாக்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை வகுப்பு முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகிறது, பூசணி கொண்டுபோகிறார்கள், கண்ணில் படாமல் எங்களுக்காக வேலை செய்யும் ஒருவருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி நன்றி சொல்லவேண்டும். மகள் பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாள். பெயர், ஊர், எத்தனை மணிக்கு வருவா, பின்னேரங்களில் சின்ன மகனையும் கூட்டிவந்து வகுப்பில் இருத்திவிட்டு வேலை செய்வா என்றெல்லாம் வடிவான எழுத்தில் இருந்தது. தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"இதை வாசிக்கவேண்டாம்" என்றேன். "அவவுக்கு விசா இருக்கோ எண்டு உனக்குத் தெரியுமோ?"

"அவ போர்த்துக்கல், அம்மா. பாஸ்போர்ட் எங்களுக்குக் காட்டினவ. படத்தில வேற தலைமயிர்."

"வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறது? அதுக்கு விடுவினமோ?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. யோசிக்கத் தொடங்கியதை அவளுடைய முகத்தில் கண்டேன். அந்த முகத்தைச் செய்தது நான்.

வேறு யாரையாவது எழுதட்டும், தபால்காரரை எழுதட்டும் என்று என் கணவர் சொன்னார். இது என்ன விசர்க்கதை என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் தபால்காரரைப் பற்றி என்ன தெரியும் எங்களுக்கு? நான் ஆசிரியைக்கு எழுதினேன்: மகளுக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை வரமாட்டாள்.

வெள்ளி காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். மகள் இரவுடுப்போடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு எவ்வளவு நேரத்துக்குக் காய்ச்சல்?"

"பின்னேரம் வரைக்கும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தேன். அறைக்குள் அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை. நான் நிற்பதும் அவளுக்குத் தெரியாது. போர்வையைக் கழுத்துவரை இழுத்து, கண்ணை மூடி, காய்ச்சல்காரியைப் போல வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தாள்.